கை நனைக்கும் முன்

என் அண்ணன் பொன்னுராஜ் என் வீட்டுக்கு வந்தால், வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே புழக்கடைக்குத்தான் போவான். பஞ்சாரத்தைத் தூக்கி எந்தக் கோழி தேறியிருக்கிறது என்று பார்ப்பான். அவன் நலம் விசாரிப்பது கோழிகளைத்தான், என்னை இல்லை. அப்படிப்பட்டவன் போன ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து, புழக்கடைப் பக்கமே திரும்பாமல், என் புத்தக அலமாரிக்கு முன்னால் போய் நின்றான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இம்புட்டும் நீ படிச்சதாத்தா?" என்றான்.

"பெறகு? அடுக்கி வச்சு அழகு பாக்கவா?"

"நல்ல விசயம்தான். படிக்கிறவளுக்கு ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்யுது."

இதைச் சொன்ன வாய் எந்த வாய் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் வருசநாட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் புஸ்தகம் படிக்கிற புள்ள எங்கிட்டு அடுப்பைப் பாக்கப் போகுது?" என்று சொல்லி எழுந்துகொண்டார். அன்று சாயங்காலம் இதே பொன்னுராஜ் என் புத்தகங்களை இரண்டு சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து, கடலைக்கடையில் கொண்டுபோய்ப் போட்டான். "உன் கல்யாணத்தைத் தின்னது இந்தப் புஸ்தகம்தாண்டி" என்றான். மறுநாள் நான் ஓடிப் போய்க் கேட்டபோது பாதிக்கு மேல் கடலை மடித்து ஊருக்குள் போய்விட்டிருந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களில் எவனையும் எனக்குப் பிடிக்கவில்லை, அல்லது எவனுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

அதன்பின் நான் சத்துணவு அமைப்பாளர் வேலையில் சேர்ந்தேன். மார்க்கையன்கோட்டையில் அப்பா விட்டுப்போன வீட்டில் கோழிகளும் நானுமாக இருக்கிறேன். மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். மைசூர், தரங்கம்பாடி, ஹம்பி என்று ஒவ்வொரு வருடமும் ஓர் ஊர். போகிற ஊரில் புத்தகம் வாங்குவேன். முதல் பக்கத்தில் என் பெயர் மாரீஸ்வரி, வாங்கிய ஊர், தேதி. படிக்கும்போது ஓரத்தில் தோன்றியதையெல்லாம் எழுதுவேன். எழுத்தாளரோடு சண்டை போடுவேன், கதையில் வருகிறவர்களைத் திட்டுவேன். வேறு யாரோடு பேசுவது? "ஒத்தையில ஊர் சுத்துது" என்று சொந்தக்காரர்கள் பேசுவது என் காதுக்கு வரும். வரட்டும்.

அண்ணன் விஷயத்துக்கு வந்தான். அவன் மகன் அஜய்குமாருக்குப் போடியில் ஒரு பெண் அமைந்திருக்கிறது. பெயர் ஓவியா. ஏலக்காய் வியாபாரி நல்லகண்ணுவின் மூத்த மகள். எம்.எஸ்ஸி. கணக்கு, பி.எட்., தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏழு மாப்பிள்ளையைத் தட்டிக் கழித்திருக்கிறாள். அஜய்குமாரைக் கோயிலில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னும் பதில் சொல்லவில்லை.

"புஸ்தகப் புழுவாம் அந்தப் புள்ள. வர்றவன் படிக்கிற ஆளா இருக்கணும்னு ஒரே பிடிவாதமாம், தரகர் சொன்னாரு" என்றான் அண்ணன். "அடுத்த வாரம் அவுக அப்பா நம்ம வீடு பாக்க வாராக. ஹால்ல அந்தக் கண்ணாடி அலமாரி சும்மாதான கெடக்கு. ஒன் புஸ்தகத்தை ஒரு நாளைக்கு அங்கன வச்சுக்குறேனே மாரி."

நான் மறுத்திருக்க வேண்டும். அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "கடலைக்கடைக்குப் போய்க் கேளு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் அண்ணன் என் புத்தகத்தை மதிப்பு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதில் மயங்கிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

குட்டியானை வண்டியில் நானூற்றுச் சொச்சம் புத்தகமும் தேனிக்குப் போயின. பழனிசெட்டிபட்டியில் அண்ணன் கட்டியிருக்கும் புது வீட்டில், பொம்மைகளை எடுத்துவிட்டு என் புத்தகங்களை அடுக்கினார்கள். அளவு வாரியாக, பெரியது முதல் சின்னது வரை, பாத்திரக்கடை மாதிரி. அது போகட்டும் என்றால், வீடு பார்க்க வரும் நாளில் நான் போய் ஒரு புத்தகத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தில் என் பெயரைக் காணோம். அதன் மேல் பள்ளிக்கூட நோட்டு லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. 'P. அஜய்குமார், பி.இ.' இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் அப்படியே.

"என்ன மதினி இது?" என்று அண்ணன் பெண்டாட்டி சண்முகத்தாயிடம் கேட்டேன்.

"ரெண்டு ராத்திரி உக்காந்து ஒட்டினேன். எல்லாத்துக்கும் ஏலல. முன்னால இருக்கிற நூத்துக்கு ஒட்டியாச்சு" என்றாள் மதினி, நான் பாராட்டுவேன் என்று எதிர்பார்த்தவள் போல.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அதற்குள் வாசலில் கார் வந்து நின்றுவிட்டது. விருந்தாளி முன்னால் வீட்டுச் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். பெண்களை வாய் மூட வைப்பதற்கென்றே விருந்தாளிகள் வருகிறார்கள்.

நல்லகண்ணு ஒல்லியான, நிதானமான மனிதர். காபி குடித்தார், முறுக்கைக் கடித்தார். பிறகு எழுந்து அலமாரியைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை இம்புட்டும் படிச்சிருக்காகளா?"

"நேரம் கெடைக்கிறப்பல்லாம் மாமா" என்றான் அஜய்குமார், வெட்கப்படுகிறவன் போல. அப்பனின் உரக்கடையில் உட்கார்ந்து செல்போனில் சீட்டு விளையாடுகிறவன். பொறியியலில் அரியர் வைத்து ஐந்து வருடம் ஆகிறது. நான் அவன் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகத்தைப் பட்டாசு சுற்றி வெடித்தவன்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போறேன். படிச்சிட்டுக் குடுத்து விட்டுருவா" என்று நல்லகண்ணு கைக்கு வந்த ஒரு நாவலை உருவினார். தரங்கம்பாடியில் நான் வாங்கியது. அறுபது வயதில் தனியாகக் கடல் பார்க்கப் போக ஆசைப்படும் ஒருத்தியின் கதை. பக்கத்துக்குப் பக்கம் என் எழுத்து. அது தெரிந்தும் நான் பேசாமல் நின்றேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்துச் செய்தி வந்தது. பெண் சம்மதித்துவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வருகிறார்களாம்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், பலகாரம் தின்னலாம். சோறு மட்டும் தின்னக் கூடாது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதைவிட அது கெட்டி. பத்திரத்தை மாற்றி எழுதியவர்கள் உண்டு. கை நனைத்த பிறகு பின்வாங்கிய குடும்பத்தில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஊர் யோசிக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அஜய்குமார் பைக்கில் வந்தான், கையில் சணல் கயிற்றோடு.

"அத்தை, அம்மா நாலு வெடக்கோழி வாங்கிட்டு வரச் சொன்னாக. நாட்டுக்கோழி போட்டாத்தான் மதிப்பாம். நாளைக்கு வெள்ளன வந்து நீதான் குழம்பு வைக்கணுமாம்."

என் புத்தகம், என் கோழி, என் கைப்பக்குவம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறார்கள். நான் எதுவும் சொல்வதற்குள் அவன் புழக்கடைக்குள் புகுந்துவிட்டான். மூன்றைப் பிடித்துக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டான். நாலாவதாகப் புள்ளிக்கோழியைத் துரத்தினான்.

"அதை விடுறா, அது குஞ்சுக்காரி. இன்னும் பிரிச்சு விடல."

"கறிக்கு என்ன அத்தை, குஞ்சுக்காரியும் கோழிதான" என்று சிரித்துக்கொண்டே அமுக்கினான். எட்டுக் குஞ்சுகளும் அவன் காலைச் சுற்றிக் கத்தின. ஒன்றை மிதித்திருப்பான்.

"ஏலே, அந்தப் புஸ்தகத்துல ஒண்ணையாவது பிரிச்சுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கல்யாணம் முடிஞ்ச மறுநாள் குட்டியானையில ஏத்தி ஒனக்கே அனுப்பிருவேன்." பைக்கை மிதித்துக் கிளப்பிவிட்டுத் திரும்பினான். "அவ கொண்டு வர்றதையும் சேத்து அனுப்பவா? ஒனக்குப் பொழுது போகும்ல."

அந்தக் குஞ்சுகள் இருட்டும்வரை கத்திக்கொண்டிருந்தன. கூடையைக் கவிழ்த்து மூடி, கேப்பையைத் தூவிவிட்டு, நானும் சாப்பிடாமல் படுத்தேன். எனக்கு அவன் மேல் வந்த கோபம் பழைய கோபம்தான். ஆனால் போடியில் ஒரு பெண் எதையோ நம்பிச் சம்மதம் சொல்லியிருக்கிறாள் என்ற நினைப்பு அப்போதுதான் முதல் தடவையாக வந்து குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணி பஸ்ஸில் சின்னமனூர் போய், அங்கிருந்து மாறி, பழனிசெட்டிபட்டியில் இறங்கினேன். போகாமல் இருந்திருக்கலாம்தான். போகாவிட்டால் "மாரிக்குப் பொறாமை, தனக்கு ஆகலேன்னு" என்பார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்து நாம் செய்யும் வேலைகளை எழுதினால் ஒரு அலமாரி நிறையும்.

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நல்லகண்ணு, அவர் மனைவி, தம்பிமார், தாய்மாமன் என்று பதினோரு பேர். வழக்கப்படி பெண் வரவில்லை. நான் அடுப்படியில் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன். அஜய்குமார் உள்ளே வந்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தைப் பொத்தென்று போட்டான்.

"அந்தாளு திருப்பிக் குடுத்தாரு. அவ உள்ள என்னமோ எழுதிருக்காளாம். நீ வச்சுக்க."

"ஒனக்குத்தானடா எழுதிருக்கா?"

"பெறகு பாக்குறேன்" என்று போய்விட்டான்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். ஓரத்தில் என் நீல மை. அதன் கீழே, சின்னச் சின்னதாகப் பென்சில் எழுத்து.

கதையில் புருஷன், "நீ கடல் பார்க்கப் போய்விட்டால் எனக்குச் சோறு யார் ஆக்குவது?" என்று கேட்கிற இடத்தில் நான் எழுதியிருந்தேன்: 'வாயும் இருக்கிறது, கையும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பெண்டாட்டி எதற்கு?' அதன் கீழே அவள்: 'சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த தங்கச்சி எழுந்து திட்டினாள். ஒரு ஆண்பிள்ளை இப்படி எழுதியிருக்கிறீர்களே!'

கதையில் வருகிறவள் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் நான்: 'இறங்கியிருக்கக் கூடாது. டிக்கெட் எடுத்தவள் கடைசிவரை போக வேண்டும்.' அதன் கீழே: 'அரசுப் பள்ளி வேலைக்கு மூன்று தடவை பரீட்சை எழுதிவிட்டேன். கொஞ்சத்தில் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இன்னொரு தடவை எழுத விடுவீர்களா என்று அன்று கோயிலில் வைத்துக் கேட்க நினைத்தேன். பத்து நிமிடத்தில் வாய் வரவில்லை. இதைப் படித்த பிறகு கேட்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.'

கடைசிப் பக்கம். அங்கே நான் என்ன எழுதினேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. 'நல்ல புத்தகம். படித்துவிட்டுப் பேச ஒரு ஆள்தான் இல்லை.'

அதன் கீழே பென்சிலால், 'நான் இருக்கிறேன். அப்பாவிடம் சம்மதம் சொல்லிவிட்டேன்.'

நாற்பத்தாறு வயதில் என் எழுத்துக்கு முதல் பதில் வந்திருக்கிறது. அதை ஒரு தடிப்பயல் பிரித்துக்கூடப் பார்க்காமல் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் எறிந்துவிட்டுப் போகிறான். அவனை நம்பி ஒருத்தி இந்த வீட்டுக்கு வரப்போகிறாள்.

மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அதான் சம்மதம்னு எழுதிருக்கே. பெறகென்ன?" என்றாள்.

"அந்தப் புள்ள பரீட்சை எழுதணும்கிறா மதினி. அஜய் எழுத விடுவானா?"

"மொதல்ல வரட்டும். வந்து ஒரு புள்ளயப் பெத்துட்டா பரீட்சையாவது ஒண்ணாவது. எல்லாம் தானா மறந்துபோகும்."

அண்ணன் இலைக்கட்டை எடுக்க உள்ளே வந்தான். அவனை மறித்தேன். "அண்ணே, அவ என் எழுத்தைப் பாத்துட்டுச் சரின்னுருக்கா. இப்பவே போய்ச் சொல்லிரு. தெரிஞ்சும் சரின்னு சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்னு சும்மாவா சொன்னாக? இது ஒரு பொய். அவுக கை நனைக்கட்டும், பெறகு நானே பக்குவமாச் சொல்லுறேன்."

"கை நனைச்ச பெறகு சொல்லி என்ன புண்ணியம்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "ஒனக்குத்தான் ஒண்ணும் அமையல. எம் மகனுக்கு அமையுறதையும் கெடுத்துறாத. வாய மூடிக்கிட்டுப் பரிமாறு."

என் கல்யாணத்தைப் புத்தகம் தின்றதாம். இப்போது அதே புத்தகத்தை வைத்து இவன் மகனுக்குக் கல்யாணமாம். இருபத்திரண்டு வருடம் நான் விழுங்கியது போதும்.

ஹாலில் பாய் விரித்து, இலை போட்டு, தண்ணீர் தெளித்தாகிவிட்டது. பதினோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சோறு விழுந்துகொண்டிருந்தது. நான் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தேன். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம் கையை எடுங்க" என்றேன். "நான் மாப்பிள்ளையோட அத்தை மாரீஸ்வரி. இந்த அலமாரியில இருக்கிறது பூராவும் என் புஸ்தகம். ஓரத்துல எழுதியிருக்கிறது என் எழுத்து. இந்தப் பய ஒரு பக்கம் படிச்சவனில்ல. லேபிளை உரிச்சுப் பாருங்க, என் பேரு இருக்கும். ஒங்க பொண்ணு என்னத்தையோ நம்பிச் சரின்னு சொல்லியிருக்கு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க எனக்கு முடியல. கை நனைக்குமுன்ன தெரிஞ்சுக்கங்க."

மதினி "அய்யோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள். அஜய்குமார் தலையைத் தூக்கவில்லை. அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். "இது கிறுக்கு முத்திப்போன கழுதைங்க, எதையும் காதுல வாங்காதீக" என்று கத்தினான். யாரோ அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

நல்லகண்ணு மட்டும் அசையவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து வலது கையில் ஊற்றிக்கொண்டார்.

"மொத நாளே தெரியும்மா" என்றார். "லேபிள் ஒட்டுன கோந்து காயல. ஏட்டைத் தொறந்தா வெரல்ல ஒட்டுச்சு. வீட்டுக்குப் போய் நானே அந்த லேபிளைக் கிழிச்சுட்டுத்தான் பொண்ணு கையில குடுத்தேன். பேரு இருந்த ஏட்டையும் சேத்து."

"தெரிஞ்சுமா?"

"அவளுக்கு இருபத்தெட்டு ஆச்சு. அடுத்தவ ஒருத்தி நிக்கிறா. ஏழு எடத்தைத் தட்டுனவ இந்த எழுத்தைப் பாத்துட்டுத் தலையாட்டிட்டா. யாரு எழுதினா என்ன? நல்ல குடும்பம், சொந்தக் கடை, ஒத்தைப் பையன். ஒரு தகப்பனுக்கு வேற என்ன வேணும்? நீங்க உக்காருங்கம்மா, ரத்தக்கொதிப்பு வந்துறப் போகுது."

சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். மற்ற பத்துப் பேரும் அவரைப் பார்த்துவிட்டு இலையில் கை வைத்தார்கள். அவர் மனைவி மட்டும் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் குனிந்துகொண்டார்.

"கறி பஞ்சா இருக்கு" என்றார் நல்லகண்ணு. "நீங்க வளத்ததா?"

என் பையை எடுத்துக்கொண்டு, அந்தப் புத்தகத்தோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தேன். பின்னால் அண்ணன், "இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, காலை ஒடிச்சுருவேன்" என்று கத்தினான். மிதிக்க யாருக்கு ஆசை?

தேனி பஸ் நிலையத்தில் போடி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் சேலையெல்லாம் குழம்பு மஞ்சள் என்று கவனித்தேன். பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரமும் என் உள்ளுக்குள் நல்லகண்ணுவைத் திட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு திட்டின் முடிவிலும், நீ மட்டும் என்னவாம் என்று ஒரு கேள்வி வந்து நின்றது.

போடியில் ஏலக்காய் நல்லகண்ணு வீடு என்றதும் ஆட்டோக்காரர் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார். ஓவியாதான் கதவைத் திறந்தாள். மெலிந்த, கண்ணாடி போட்ட பெண். பின்னால் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"யாரு நீங்க? அப்பா இல்லையே, தேனிக்குப் போயிருக்காக."

"தெரியும். அங்கன இருந்துதான் வாரேன்." புத்தகத்தை நீட்டினேன். "இந்த நீல எழுத்து என்னோடது. அஜய்குமாரோட அத்தை நான். அவன் இதைப் படிக்கவும் இல்ல, எழுதவும் இல்ல. நீ எழுதுனதையும் அவன் படிக்கல. நான்தான் படிச்சேன்."

அவள் புத்தகத்தை வாங்கவில்லை. என்னையே பார்த்தாள். பையில் இருந்து பேனாவை எடுத்து, பஸ் டிக்கெட்டின் பின்புறம் 'டிக்கெட் எடுத்தவள் கடைசிவரை போக வேண்டும்' என்று எழுதிக் காட்டினேன். அதை வாங்கிப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல ஒரு கணம் தோன்றியது. "மொத நாளே தெரியுமாம். இன்னைக்கு நான் சொன்ன பெறகும் கை நனைச்சிட்டாக."

"அம்மா?"

"அவுகளும்."

தங்கை, "அக்கா" என்று தோளைத் தொட்டாள். ஓவியா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அப்பா வந்து இந்தப் புஸ்தகத்தை எடுத்தப்ப நீங்க அங்கன இருந்தீகளா?"

"இருந்தேன்."

"உங்க எழுத்து உள்ள இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பெறகு ஏன் பேசாம இருந்தீக? மூணு வாரம். மூணு வாரமா நான் இதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுப் படுத்தேன்." அவள் குரல் உடைந்தது. "ஏன்?"

வழி நெடுக நான் பதில் சொல்லாமல் வைத்திருந்த கேள்வி. விருந்தாளி முன்னால் சண்டை வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். அண்ணனுக்குப் பயந்தேன் என்று சொல்லலாம். இரண்டும் அரை உண்மை.

"பெருமையா இருந்துச்சு" என்றேன். "என் எழுத்தை ஒருத்தி படிக்கப் போறான்னு ஒரு ஆசை. ஒன்னைப் பத்தி நான் நெனைக்கவே இல்ல."

அவள் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. மேசையில் இருந்த போனை எடுத்து அப்பாவுக்குப் போட்டாள். எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"அப்பா, சாப்ட்டாச்சா?"

"ஆச்சுத்தா, வெத்தலை போட்டுக்கிட்டு இருக்கோம். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. நாள் குறிக்கப் பேசிக்கிட்டு இருக்கோம்."

"நனைச்ச கையை நல்லாக் கழுவிட்டு வீட்டுக்கு வாங்கப்பா."

"என்னத்தா, என்ன ஆச்சு?"

"நான் சம்மதம் சொன்னது இந்தப் புஸ்தகத்துல எழுதுனவுகளுக்கு. அவுக நம்ம வீட்டு வாசல்ல நிக்கிறாக. அந்த மாப்பிள்ளை யாருன்னே எனக்குத் தெரியாது. கை நனைச்சது நீங்க பதினோரு பேரு. அந்த வீட்டுக்கு நீங்களே வாழப் போங்க."

போனில் நல்லகண்ணுவின் நிதானமெல்லாம் போயிற்று. "ஏ, கழுத... குடும்ப மானம்... ஒரு பொம்பள பேச்சைக் கேட்டுக்கிட்டு..." என்று கத்தத் தொடங்கினார். பின்னால் என் அண்ணன் கத்துவதும் கேட்டது. ஓவியா போனை வைக்கவில்லை. மேசையில் மல்லாத்தி வைத்தாள். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டு கிடந்தது.

நான் செருப்பை மாட்டத் திரும்பினேன். வந்த வேலை முடிந்தது, இனி இந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

"எங்க போறீக?" என்றாள் ஓவியா. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். "உள்ள வந்து உக்காருங்க. உங்ககூட எனக்கு இன்னும் சண்டை இருக்கு."

போய் உட்கார்ந்தேன்.